இழுத்துச் சாத்திய கதவு பூட்டிய கதவாகுமா?

பயணப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக நானும் கணவரும் மாமியாரும் பார்சிலோனா செல்லவிருக்கிறோம். ஒன்பது நாள்களுக்கு ஓர் அடுக்குமாடி வீட்டை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அத்தகைய வீடுகளுக்குள் பூட்டை உடைக்காமலே திருடர்கள் நுழைந்துவிடுகிறார்கள் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். ஊரிலிருந்தே நல்ல பூட்டு ஒன்றை எடுத்துச் செல்லலாமா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பூட்டை எடுத்துச் சென்று பயனில்லை, அதை மாட்டுவதற்கு அந்தக் கதவில் கொண்டியே இருக்காது. ஆனால் உங்கள் உறவினர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயத்தில் பாதி தானே போய்விடும்.

ஸ்பெயினில் பெரும்பாலான குடியிருப்புக் கதவுகளின் வெளிப்புறத்தில் திருகும் கைப்பிடி கிடையாது. அசையாத ஒரு குமிழ் மட்டுமே இருக்கும். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினால், விளிம்பில் துருத்தி நிற்கும் சாய்வான நாக்கு நிலைக்குள் போய் விழுந்துவிடும். அதன்பின் சாவியில்லாமல் நம்மால் திறக்க முடியாது என்பதால் கதவு பூட்டிக்கொண்டது என்றே நினைக்கிறோம். உண்மையில் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சுருள்வில் மட்டும்தான். இடுக்கில் நுழையும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று அந்த நாக்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். சாவியை நுழைத்து இரண்டு சுற்று முழுமையாகச் சுற்றினால்தான் கனமான இரும்புத் தாழ் நிலைக்குள் இறங்கும். அதைத் தகட்டால் நகர்த்த முடியாது. ஆகவே எதிர்க் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் சாவியைச் சுற்றிவிட்டே போங்கள். உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய மிக முக்கியமான பதில் இதுதான்.

நம் தெருக்களில் வாசலில் தொங்கும் திண்டுக்கல் பூட்டே வீட்டில் ஆளில்லை என்பதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறது. அங்கே சாத்திய கதவு எதையும் சொல்வதில்லை. அதனால் திருடர்கள் வேறு வழியைக் கையாளுகிறார்கள்: கதவுக்கும் நிலைக்கும் நடுவே கண்ணுக்கு எளிதில் தென்படாத பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகியோ, நூல்போல் மெலிந்த பசை இழையை ஒட்டியோ வைத்துவிட்டுப் பிறகு வந்து பார்க்கிறார்கள். துண்டு விழாமலும் இழை அறுபடாமலும் இருந்தால் இடையில் யாரும் கதவைத் திறக்கவில்லை என்று பொருள். பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாவின் காவல் துறையான மொசோஸ் இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. உங்கள் கதவிலோ பக்கத்துக் கதவிலோ அப்படி எதையேனும் கண்டால் 112 என்ற அவசர எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். வீட்டு உரிமையாளருக்கும் தெரிவியுங்கள்.

போய்ச் சேர்ந்த அன்றே சாவித் துளை இருக்கும் உருளையை, அதாவது சிலிண்டரை, ஒரு முறை பாருங்கள். அது சுற்றியிருக்கும் தகட்டைவிட மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இடுக்கியால் பற்றி ஒடிப்பதற்கு இடம் கொடுக்கும். தடித்த எஃகுக் கவசம் அதை மூடியிருந்தால் நல்லது. விளம்பரத்தில் ‘பிளிந்தாதா’ கதவு என்று போட்டிருந்தால், மரக் கதவுக்கு இரும்புத் தகடு பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். ‘அகோரசாதா’ என்றால் கதவின் சட்டமே எஃகு. ஐரோப்பியத் தர வரிசையில் இரண்டாம் வகுப்புக் கதவு சோதனைச் சாலையில் சிறு கருவிகளை மூன்று நிமிடமும், மூன்றாம் வகுப்புக் கதவு ஐந்து நிமிடமும் தாங்க வேண்டும். நிமிடக் கணக்குதானா என்று கேட்காதீர்கள். படிக்கட்டில் நிற்கும் திருடனுக்கு ஐந்து நிமிடம் மிக நீண்ட நேரம்.

மாமியாரை வீட்டில் விட்டு நீங்கள் வெளியே போகும் நாள்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளே ஒரு சாவி துளையிலேயே செருகியிருந்தால், பல சிலிண்டர்களில் வெளியிலிருந்து உங்கள் சாவி வேலை செய்யாது. அவர் தூங்கிவிட்டாலோ, கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டாலோ நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி மாட்டிக்கொண்டால் வாசலில் ஒட்டியிருக்கும் பூட்டுத் தொழிலாளியின் ஸ்டிக்கரைப் பார்த்து அவசரப்பட்டு அழைக்காதீர்கள்; முதலில் உரிமையாளரைக் கேளுங்கள், பிறரை அழைத்தே ஆக வேண்டுமென்றால் தொகையைப் பேசி முடித்த பின்னரே கதவில் கை வைக்க விடுங்கள்.

கேள்வி: ரோம் நகரில் நாங்கள் எடுத்திருக்கும் வீட்டின் சாவி, தெரு வாசலில் தொங்கும் எண் பெட்டியில் இருக்குமாம். இது பாதுகாப்பானதா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. பொத்தான்களை அழுத்தித் திறக்கும் மலிவான பெட்டிகள் பலவற்றில் எண்களின் வரிசை ஒரு பொருட்டே அல்ல. 2580 என்று அழுத்தினாலும் 0852 என்று அழுத்தினாலும் திறந்துவிடும், ஒரே எண்ணை இருமுறை வைக்கவும் முடியாது. பத்துப் பொத்தான்களில் நான்கைத் தேர்ந்தெடுக்க 210 வழிகள்தான் உண்டு. நான்கு இலக்கம் என்றதும் நாம் மனத்தில் நினைக்கும் பத்தாயிரம் எங்கே, இது எங்கே! போதாக்குறைக்கு, மாதக்கணக்கில் ஒரே எண் இருந்தால் அந்த நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். சக்கரங்களைச் சுழற்றும் வகையில் பத்தாயிரம் உண்டென்றாலும், எண்ணை மாற்றாவிட்டால் முன்பு தங்கிய அத்தனை பேருக்கும் அது தெரிந்திருக்கும்.

இத்தாலியில் இந்தப் பெட்டிகள் அரசியல் பிரச்சினையாகவும் ஆகிவிட்டன. விருந்தினரை நேரில் பார்த்து அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் 2024 நவம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. அது பின்னர் நீதிமன்றம் வரை சென்றது. புளோரன்ஸ் தன் பழைய நகரப் பகுதியில் 2025-ல் இப்பெட்டிகளைத் தடை செய்தது. எனவே, ‘நேரில் வந்து சாவியைத் தர இயலுமா’ என்று நீங்கள் கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ‘இந்தச் சாவிக்கு எத்தனை பிரதிகள் இருக்கின்றன, யார் யாரிடம்?’ துப்புரவுப் பணியாளர், நிர்வாகி, சென்ற மாதம் தங்கியவர் என்று ஒரு வாடகை வீட்டின் சாவி எத்தனையோ கைகள் மாறுகிறது. உரிமைச் சீட்டைக் காட்டினால்தான் பிரதி எடுத்துத் தரும் சாவி வகைகள் உண்டு. தங்குபவர்தோறும் எண் மாறும் மின்னணுப் பூட்டுகளும் உண்டு. மின்னணுப் பூட்டு என்றாலே பலர் முகம் சுளிக்கிறார்கள். இருபது பேர் கைபட்டுப் போன உயர்தர இரும்புச் சாவியைவிட நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: பூட்டு உடையாமல் திருட்டு நடந்தால் பயணக் காப்பீடு கிடைக்காது என்கிறார்களே?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பல காப்பீட்டு ஒப்பந்தங்கள், வலுக்கட்டாயமாக நுழைந்ததற்கான தடயம் இருந்தால்தான் இழப்பீடு என்கின்றன, உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஸ்பெயின் செல்வோர் அங்குள்ள சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது: வலுவோ மிரட்டலோ இல்லாத திருட்டு ‘உர்த்தோ’, வலுவைப் பயன்படுத்தியது ‘ரோபோ’. கள்ளச்சாவி போட்டுத் திறப்பதையும், தொலைந்துபோன அசல் சாவியைக் கொண்டு திறப்பதையும் அந்நாட்டுக் குற்றவியல் சட்டம் வலுவைப் பயன்படுத்தியதாகவே கருதுகிறது. ஆகவே புகார் கொடுக்கும்போது, கதவைச் சாவியால் பூட்டினீர்களா, எத்தனை சாவிகள் உங்களிடம் இருந்தன என்பதையெல்லாம் விடாமல் சொல்லி, புகாரின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கதவு, பூட்டு, நிலை மூன்றையும் யாரும் தொடுவதற்கு முன் படமெடுங்கள்.

பாஸ்போர்ட் போயிருந்தால் அதே நகலோடு, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான இந்தியத் தூதரகத்தையோ துணைத் தூதரகத்தையோ அணுக வேண்டும். நாடு திரும்புவதற்கு மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்று பெறலாம். பாஸ்போர்ட், விசா இரண்டின் படமும் மின்னஞ்சலில் இருந்தால் அலைச்சல் குறையும். அலமாரிக்குள் இருக்கும் சிறு எண் பெட்டகத்தை நம்பி அவற்றை வைப்பதற்கு முன், அதைத் தூக்கிப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால், திருடனுக்கும் அப்படியே வரும்.