ஃபேன்டஸி நாவல் சொன்னால் நண்பர்கள் பத்துப் பக்கத்தில் மூடி வைக்கிறார்களே, எப்படித்தான் பரிந்துரைப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதானே: மாயாஜாலம், பேய்க்கதை, அறிவியல் புனைகதை என்று எதைக் கொடுத்தாலும் நண்பர்கள் "சின்னப்பிள்ளை சமாச்சாரம்" என்று திருப்பித் தந்துவிடுகிறார்கள், என்ன செய்ய? என் ஊகம், நீங்கள் கொடுத்தது உங்களுக்கு உயிரான புத்தகம், அதுவும் மூன்று பாகமோ ஏழு பாகமோ இருந்திருக்கும். வாசகர் வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பதும் அதுதான். ஒருத்தர் பாவமாக "புதுசா ஆரம்பிக்கிறேன், ஏதாவது சொல்லுங்க" என்று கேட்பார், அடுத்த பத்து நிமிடத்தில் முப்பது தலைப்பு வந்து விழும். கேட்டவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கூட இருக்கும் தம்பி தூத்தூர் பக்கம், அப்பா ஆழ்கடல் மீன்பிடிக்குப் போகிறவர். மந்திரவாதிக் கதை என்றாலே சிரிப்பான். ஆனால் காலையில் வந்ததும் கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன்னால் போனில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பான். அதைக் கவனித்துத்தான் உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'யைக் கொடுத்தேன். உலகம் முழுக்கத் தீவுகள், நடுவில் கடல், மந்திரவாதிப் பையன் படகில்தான் பாதிக் கதை போகிறான். ஒல்லியான புத்தகம் வேறு. மந்திரம் இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை, "படகுக் கதை, வாசிச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நாள் சத்தமில்லை. அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சண்டைக்கு வருகிற மாதிரி வந்தான். "அண்ணே, மந்திரக் காத்து பாயிலதான அடிக்கும்? நீவாடு எதிரா இழுத்தா இவன் என்ன செய்வான்?" எனக்கு நீவாடு என்றால் கடலுக்குள் ஓடும் நீரோட்டம் என்கிற அளவுக்குத்தான் தெரியும், பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு புத்தகத்தோடு மல்லுக்கு நிற்கிறவன் அதை மூடி வைக்கப் போவதில்லை. கரைக்கு வந்திருந்த அப்பாவிடம் கதையைத் தமிழில் சொல்லியிருக்கிறான். அந்த நாவலில் மந்திரப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எச்சரிப்பார், ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு வறண்டு போகலாம், கை வைப்பதற்கு முன் யோசி என்று. அந்த இடம் வந்ததும் பெரியவர், "பின்னே, காத்தைக் கெட்டிப் போட்டா அது வேற எங்கயாவது போயி அவுந்துதான ஆகணும்" என்றாராம். 2017 ஒக்கிப் புயலில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்த கரை அது. அங்கே காற்றைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் யாரும் அதைச் சின்னப்பிள்ளை சமாச்சாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உடனே "அப்படியானால் டோல்கீன் மோசமா?" என்று யாராவது வரிந்துகட்டிக்கொண்டு வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் புதியவருக்கு 1954-55-ல் வந்த அவருடைய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகத்தைத் தூக்கிக் கொடுக்காதீர்கள், 1937-ல் அவர் சிறுவர்களுக்காக எழுதிய 'ஹாபிட்'டைக் கொடுங்கள். ஜெயமோகனின் தடித்த நாவல் 'விஷ்ணுபுர'மும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்து எழுத்தாளர், பெருமைதான், அதற்காக அதை முதல் புத்தகமாக நீட்டினால் நண்பரே மிஞ்சமாட்டார்.

ஆங்கிலம் வேண்டாம் என்பவருக்குப் புதுமைப்பித்தன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஃபேன்டஸி இல்லாமல் வேறென்ன? பிராட்வே முனையில் சிவபெருமானே வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார், பிள்ளைவாள் அவரை ஓட்டலில் காப்பி குடிக்க வைத்து, கடைசியில் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் வாங்கிவிடுகிறார். தமிழ் நூல்களை இணையத்தில் போட்டு வைக்கும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அரைமணி நேர வேலை. பயம் வேண்டும் என்றால் அவருடைய 'காஞ்சனை'. மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் என்றால் கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த கேரளத்துப் பழங்கதைகள் 'ஐதிஹ்யமாலை', யட்சியும் மாந்திரீகனும் யானையும் வேண்டிய மட்டும் உண்டு.

மலையாளம் என்றதும் ஞாபகம் வருகிறது, இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டால் போதும், "நீங்க கேரளாவா?" என்று ஒருத்தர் கேட்டுவிடுவார். 1956 நவம்பர் 1-ல் போராடித் தமிழ்நாட்டோடு சேர்ந்தவர்கள் நாங்கள். "சாயை குடிச்சாச்சா" என்று கேட்டால் நாங்கள் வேற்று மாநிலமா? இதே ஆட்கள்தான் "தமிழில் ஃபேன்டஸியே இல்லை" என்றும் எழுதுவார்கள். இங்கே ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லடித்துப் பாடும்போது வந்து உட்கார்ந்து பாருங்கள். கள்ளியங்காட்டு நீலி என்கிற யட்சியின் கதையை ராத்திரி முழுக்கக் கேட்கும் கூட்டத்தில் ஒருத்தராவது "இது நம்புற மாதிரி இல்லையே" என்று எழுந்து போகிறாரா? டிராகன் என்று பெயர் வைத்தால்தான் கஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் என்ன வேலை பார்க்கிறார், எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்று கீழே எழுதுங்கள், ஒரு புத்தகம் சொல்கிறேன். ஒன்றுதான் சொல்வேன், பட்டியல் கேட்காதீர்கள்.