இரண்டு தேதிகளின் வித்தியாசத்தை 86,400ஆல் வகுத்தால் சில சமயம் ஒரு நாள் குறைகிறதே, ஏன்?

நீங்கள் செய்திருப்பதைத்தான் நானும் பல வருடங்கள் செய்துகொண்டிருந்தேன். இரண்டு நேரங்களையும் விநாடியாக்கிக் கழிப்பது, ஒரு நாளுக்கு உரிய 86,400 விநாடியால் வகுப்பது, புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிடுவது. யூடிசியில், அதாவது ஆண்டு முழுக்க மாறாத உலகப் பொது நேரத்தில், ஓடும் டெஸ்ட் சர்வரில் இது ஒருநாளும் தப்பாக வராது. அதனால்தான் பிடிபடுவதும் இல்லை.

குற்றவாளி டிஎஸ்டி, அதாவது பகலொளி சேமிப்பு நேரம்: சில நாடுகளில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளி, பிறகு பின்னே இழுக்கும் வழக்கம். நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 10 அன்று அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 3க்குத் தாவியது. அன்றைய நள்ளிரவு யூடிசியில் 05:00. மறுநாள் நள்ளிரவு 04:00. இடையில் இருப்பது 23 மணி நேரம்தான். 24ஆல் வகுத்தால் 0.958, பின்னத்தை வெட்டினால் பூஜ்யம். காலண்டரில் ஒரு நாள் நகர்ந்திருக்கிறது, உங்கள் புரோகிராமுக்கு நகரவே இல்லை.

நவம்பரில் கதை தலைகீழ், கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். நான் எழுதிய ஒரு தினசரி ரிப்போர்ட்டில் நவம்பர் 3 இரண்டு முறை வந்து நின்றது. டேட்டாபேஸில் ஏதோ டூப்ளிகேட் என்று அரை நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால் லூப்பில் 86,400 விநாடியாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். அன்றைக்கு 25 மணி நேரம் என்பதால், நள்ளிரவோடு 24 மணி நேரத்தைக் கூட்டினால் அதே நாள் இரவு 11 மணிக்குத்தான் வந்து சேரும்.

வகுத்ததை முழு எண்ணாக ரவுண்டு செய்துவிட்டால் போதுமே என்பார்கள். நள்ளிரவுக்கு நள்ளிரவு என்றால் ஒப்பேறும், நடுப்பகல் நேரமெல்லாம் கலந்தால் ஒப்பேறாது. நாட்களை எண்ணத்தான் வேண்டும் என்றால் மணியைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் தேதியாக வைத்து எண்ணுங்கள். ஜாவாவில் லோக்கல்டேட், பைத்தானில் டேட் இருப்பதே இதற்காகத்தான்.

மணி நேரம் வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. அதே நவம்பர் வாரத்தில், சனிக்கிழமை இரவு 11க்கு ஷிஃப்ட் ஏறி ஞாயிறு காலை 7க்கு இறங்கியவர் 9 மணி நேரம் வேலை பார்த்திருக்கிறார், ஏனென்றால் 1லிருந்து 2 வரை உள்ள மணி அன்று இரண்டு முறை ஓடியது. பைத்தானில் இரண்டு நேரத்துக்கும் ஒரே டைம்ஸோனை மாட்டிக் கழித்துப் பாருங்கள், 8 என்று சொல்லும்! டைம்ஸோன் கொடுத்தாயிற்றே என்று நம்பிவிடக் கூடாது. ஒரே ஸோன் என்றால் அது கடிகார முள்ளைத்தான் கழிக்கும். இரண்டையும் யூடிசிக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் 9 வரும். சம்பளக் கணக்கில் இந்த ஒரு மணி நேரம் விளையாட்டல்ல.

'நள்ளிரவு எப்போதும் இருக்கும்' என்று நினைப்பதும் ஆபத்து. 2018 நவம்பர் 4 அன்று சாவ் பாலோவில் 00:00 என்ற நேரமே கிடையாது. கடிகாரம் நேரே 01:00க்குப் போனது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் மாற்றமே அரை மணி நேரம்தான், ஆகவே 'ஒரு மணி நேரம் கூட்டு, குறை' என்று கோடில் எழுதிவைப்பதும் உதவாது.

அப்புறம், எல்லாவற்றையும் யூடிசியில் சேமி என்று சொல்வார்கள். நடந்து முடிந்தவற்றுக்கு அது சரி. வரப்போகும் சந்திப்புகளுக்கு நான் அப்படிச் செய்வதில்லை. சில ஆண்டுகள் விட்டிருந்த டிஎஸ்டியை எகிப்து 2023இல் திரும்பக் கொண்டுவந்தது. அந்த ஜனவரியிலேயே கெய்ரோவில் மே மாதக் காலை 10 மணிச் சந்திப்பை 08:00 யூடிசி என்று பதிந்து வைத்திருந்தால், மே மாதம் அது 11 மணி என்று காட்டும். எனவே அவர்கள் சொன்ன '10 மணி'யையும் 'ஆப்பிரிக்கா/கெய்ரோ' என்ற ஸோன் பெயரையும் அப்படியே சேமித்து வைக்கிறேன். யூடிசிக்கு மாற்றுவது, நினைவூட்டல் அனுப்பும் சமயத்தில், அன்றைக்கு இருக்கும் விதிப்படி.