ஜெனீவாவுக்கு எழுத முன்: வன்னி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி காணி, மீதி ஜெனீவா. நான்கை எடுத்திருக்கிறேன்.

என் வழக்கு இங்கே சரிவரவில்லை. ஜெனீவாவுக்கு எழுதினால் தீர்ப்பு வருமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

எழுதலாம். ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனிஆள் முறையிட இலங்கை 1997இல் சம்மதித்தது. ஆனால் வருவது தீர்ப்பு அல்ல, குழுவின் கருத்து. சிங்கராசா வழக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், ஒரு வாக்குமூலத்தை வைத்து விழுந்த தண்டனை. 2004இல் குழு அவர் பக்கம் நின்றது. அந்தக் கருத்தோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனால், 1997இல் கொடுத்த சம்மதமே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006இல் கையை விரித்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றும் உடன்பாடில்லை. சரி, அது வேறு கதை.

உள்ளூர் வழிகளை முடித்துவிட்டுத்தான் அங்கே போகலாம். உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் இங்குள்ள இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இது தெரியாமல் கோட்டை விட்டவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

பொலிசில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கலாமா?
— வாசகர், மாங்குளம்

விளங்காவிட்டால் வைக்க வேண்டாம். தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சிங்கராசாவின் வாக்குமூலமும் சிங்களத்தில்தான் இருந்தது.

அப்பாவின் பெமிட் காணிக்கு வாரிசு எழுதவில்லை. தம்பிக்குத்தான் சேரும் என்கிறார்கள். அப்படியா?
— வாசகி, வட்டக்கச்சி

முன்பு அப்படித்தான். பெமிட் காணி என்றால் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஆண்பிள்ளைகளை முன்னுக்கு வைத்தது. நீங்கள் மூத்தவராக இருந்தாலும் பின்வரிசைதான். பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றது. அதன் குழுவும் இந்தச் சட்டத்தைத் திருத்தும்படி கேட்டுக்கொண்டே இருந்தது. திருத்தம் வந்தது 2022இல். நாற்பத்தொரு வருடம்! வெளிநாட்டுக் காசில் ஹோட்டல்களில் நடக்கும் சட்டக் கருத்தரங்குகளில் தேநீர் குடித்தே அலுத்துப்போனது எனக்கு. இந்த ஒரு திருத்தத்துக்காக அந்தத் தேநீரையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

உங்கள் விடயத்தில் அப்பா இறந்த திகதி முக்கியம். திருத்தத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று முதலில் பாருங்கள். அம்மா இருந்தால், அவர் சீவியகாலம் அனுபவித்த பிறகுதான் பிள்ளைகளின் பேச்சு. மரணச் சான்றிதழோடும் பெமிட்டோடும் பிரதேச செயலகத்துக் காணிக் கிளைக்குப் போங்கள். முன்பு ஒரு அம்மா பால்மா டின் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே பொலித்தீனில் சுற்றிய பெமிட். 2009இல் பங்கருக்குள் தாட்டுவிட்டு, முகாமால் திரும்பி வந்து கிண்டி எடுத்தாராம். மடிப்பெல்லாம் கிழிந்து, இலக்கம் மட்டும் தெளிவாக இருந்தது. லெட்ஜரில் தேட அந்த இலக்கம்தான் வேண்டும்.

கொக்குத்தொடுவாயில் எடுத்த எலும்புகள் பற்றிக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா?
— வாசகி, முல்லைத்தீவு

இருக்கிறது. 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டியபோது தெரியவந்த புதைகுழி அது. அகழ்வு நடந்தது முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் கீழ். சந்தேக மரணங்களை விசாரிக்க ஐ.நா. வைத்திருக்கும் மினசோட்டா நெறிமுறை, விசாரணையின் போக்கைக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. 2016இல் புதுப்பித்தார்கள். இங்கே அது சட்டம் இல்லை. ஆனாலும் சட்டத்தரணி மூலம் நீதவான் முன் எடுத்துக்காட்டலாம், தடையில்லை.

மன்னாரில் சதொச என்ற அரச கடை வளவில் இருந்த புதைகுழியில் எடுத்த எலும்புகள் அமெரிக்க ஆய்வுகூடத்துக்குப் போய், பல நூற்றாண்டு பழையவை என்று 2019இல் முடிவு வந்தது. குடும்பங்கள் இடிந்துபோயின. ஆகவே எலும்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கூடவே எடுத்த உடை, அடையாளத் தகடு, பொத்தான் ஆகியவற்றின் பட்டியலையும் கேளுங்கள். உங்கள் ஆள் கடைசியாக என்ன உடுத்திருந்தார் என்பது நினைவிருந்தால், இன்றே ஒரு தாளில் எழுதித் திகதி போட்டு வையுங்கள்.