கலிபோர்னியாவில் படிக்கும்போது கைப்பணம் தீர்ந்தால், வளாகத்திலேயே சாப்பாட்டுக்கு வழி உண்டா?

முதுநிலைப் படிப்புக்காகக் கலிபோர்னியா செல்லவிருக்கும் நீங்கள், மாத நடுவில் பணம் தட்டுப்பட்டால் பல்கலைக்கழகத்திற்குள்ளேயே சாப்பாட்டுக்கு வழி உண்டா, அதை நாடுவது கௌரவக் குறைவாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு, கௌரவக் குறைவு சிறிதும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் படித்தவள் என்ற முறையில், எனக்குப் பழகிய அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

அங்கே மாணவர் மன்றம் நடத்தும் 'பேன்ட்ரி' என்ற உணவு அறை, மெமோரியல் யூனியன் கட்டடத்தில் இருக்கிறது. மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். வருமானச் சான்று கேட்கமாட்டார்கள். வாடகையும் முன்பணமும் கட்டிமுடித்த முதல் மாதத்தில், அதன் வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டேன். என்னைவிட வறியவருக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொள்கிறேனோ என்ற உறுத்தல்தான் காரணம். மூன்றாம் முறை உள்ளே போனபோது, அரிசிக்கும் கொண்டைக்கடலை டப்பாக்களுக்கும் பக்கத்தில் ஒரு கூடை நிறைய பீட்ரூட் இருந்தது. மண் இன்னும் காயவில்லை, கீரையும் வாடவில்லை. எனக்கு முன்னால் நின்ற மாணவர் கீரையைத் திருகிப் போட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கீரையையும் கேட்டு வாங்கிவந்து, பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைத்தேன். மூன்று பேர் இருந்த எங்கள் வீட்டில் அது இரண்டு வேளைக்கு வந்தது.

வளாகத்திலேயே 1977 முதல் இயங்கிவரும் மாணவர் பண்ணையின் விளைச்சலும் இந்த உணவு அறைக்கு வருகிறது. பசியைப் போக்குவதும் விளைந்ததை வீணாக்காமல் இருப்பதும் அங்கே ஒரே வேலையாக நடப்பதைக் கண்ட பிறகுதான் என் உறுத்தல் தீர்ந்தது. இது நாடு முழுவதும் வேரூன்றிய ஏற்பாடும்கூட: மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்தும் உணவு வங்கி 1993இல் தொடங்கியது, வளாகச் சமையலறைகளில் மிஞ்சும் உணவைத் தேவைப்படுவோரிடம் சேர்க்கும் ஃபுட் ரெகவரி நெட்வொர்க் 2011இல் மேரிலாந்து பல்கலைக்கழக மாணவர்களிடமிருந்து பிறந்தது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். 'கால்ஃப்ரெஷ்' என்பது அரசு தரும் உணவு உதவி. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர்களுக்கு அதற்குத் தகுதி இல்லை, எனவே யார் சொன்னாலும் விண்ணப்பிக்க வேண்டாம். வளாக உணவு அறை அதனினும் வேறானது. ஆனால், அங்கேயே குடியுரிமை பெற்ற உங்கள் உறவினர் பிள்ளைகள் படித்தால், அவர்களிடம் கால்ஃப்ரெஷைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். வாரம் 20 மணிநேரம் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனைக்குப் பல விலக்குகள் இருப்பது தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். நாடு முழுவதும் தகுதி இருக்கக்கூடிய சுமார் 33 லட்சம் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 2016இல் இத்தகைய கூட்டாட்சி அரசு உணவு உதவியைப் பெற்றதாகத் தெரிவிக்கவில்லை என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2018இல் எழுதியது. டேவிஸில் 'ஆகி காம்பஸ்' என்ற அடிப்படைத் தேவைகள் மையத்தினர் விண்ணப்பத்தை நிரப்பவே உடன் அமர்ந்து உதவுவார்கள். வீட்டு வாடகைச் சிக்கலுக்கும் அவர்களிடமே போகலாம்.

பழைய துணிமணி, நோட்டுப் புத்தகங்களுக்கு 'ஆகி ரீயூஸ்' கடை இருக்கிறது. மற்ற வளாகங்களிலும் 'பேசிக் நீட்ஸ்' (அடிப்படைத் தேவைகள்) என்ற பெயரில் தேடினால் இத்தகைய உதவி மையம் கிடைக்கும். பணம் தீரும்வரை காத்திருக்காமல், சேர்ந்த முதல் வாரத்திலேயே உணவு அறைக்குப் போய், அது திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். துணிப்பை ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.