மணல்குவியல் மாதிரியும் வங்கிச் சரிவும்: உங்கள் ஆய்வேடு பற்றி

வணக்கம். வங்கிகள் அடுத்தடுத்து விழுவதை மணல்குவியல் மாதிரியால் விளக்குகிறேன், இரு அச்சும் மடக்கை அளவில் உள்ள லாக்-லாக் வரைபடத்தில் அடுக்குவிதியைக் (சிறு சரிவுகள் நிறைய, பெரியவை அரிது என்னும் விதி) காட்டும் நேர்கோடும் வருகிறது, வழிகாட்டி மட்டும் ஏற்க மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள். ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

1987-இல் இயற்பியலாளர்கள் பாக், டாங், வீசன்ஃபெல்ட் முன்வைத்த மாதிரியில், கட்டம் கட்டமாகப் பிரித்த பரப்பில் ஏதாவது ஒரு சதுரத்தில் 4 மணல் மணிகள் சேர்ந்தால் அது சரிந்து சுற்றியுள்ள 4 சதுரங்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுக்கும்; அவையும் நிரம்பினால் சரிவு தொடரும். வங்கி அப்படிச் சரிவதில்லை. அதற்குக் கடன் கொடுத்த வங்கிக்குத்தான் அடி, அதுவும் கொடுத்த தொகைக்கு ஏற்ப. அந்த வங்கியின் மூலதனம் நட்டத்தைத் தாங்கினால் சரிவு அங்கேயே நின்றுவிடும். போதாததற்கு, மணலுக்குப் பயம் கிடையாது. வைப்பாளர்களோ வதந்தி கேட்டாலே பணத்தை எடுக்க ஓடுவார்கள்.

நிஜ மணிகளே எல்லா நேரமும் அந்த மாதிரிப்படி நடப்பதில்லை. 1996-இல் வெளியான நார்வே அரிசிக் குவியல் சோதனையில் நீளமான அரிசியில்தான் சரிவுகள் அடுக்குவிதிப்படி அமைவது தெரிந்தது, உருண்டை அரிசியில் தெரியவில்லை!

உங்கள் இடத்தில் நான் இருந்தால் விசைச் சங்கிலிகளை எடுத்துக்கொள்வேன். அழுத்தப்பட்ட மணிகளில் பாரம் சமமாகப் பரவாது. சில மணிகள் வரிசையாக நின்று பெரும்பங்கைச் சுமக்கும், ஒட்டியுள்ள மணி சும்மா கிடக்கும். வங்கிக் கடன் வலையில் எந்தக் கண்ணி அப்படிச் சுமக்கிறது என்பது அருமையான கேள்வி.

நேர்கோட்டைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். லாக்-நார்மல் பரவலும் (மடக்கை எடுத்தால் மணி வடிவ வளைவு தரும் பரவல்) குறுகிய வீச்சில் அப்படித்தான் தெரியும். தரவுக்கு மிகப் பொருந்தும் அளவுகளைத் தேடும் மேக்சிமம் லைக்லிஹுட் முறையில் அடுக்குவிதி, லாக்-நார்மல் இரண்டையும் பொருத்தி, ஒப்பிட்டு, அந்த முடிவோடு வழிகாட்டியைப் பாருங்கள்.