மிஞ்சிய துணிப் பட்டைகளை வைத்து ஒட்டுப்போர்வை தைப்பது எப்படி? எத்தனை பட்டை வேண்டும்?

இரண்டரை அங்குல அகலம், 42 அங்குல நீளத்தில் 40 பட்டைகள் போதும். சின்னத் துண்டுகள்தான் இருக்கிறதா? அகலம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும், மொத்த நீளம் ஏறத்தாழ 1,680 அங்குலம் வந்தால் சரி.

முதலில் துணியைத் துவைத்துக்கொள்ளுங்கள். சுருங்குவதும் சாயம் போவதும் இப்போதே முடிந்துவிடும். பருத்தி மட்டும் எடுங்கள். பனியன் துணி இழுபடும், அது கால்மிதிக்குத்தான் லாயக்கு.

எல்லாப் பட்டைகளையும் முனையோடு முனை தைத்து ஒரே நீளப் பட்டையாக்குங்கள். ஒரு முனையில் 18 அங்குலம் வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இணைப்புகள் ஒரே இடத்தில் வந்து விழும். பிறகு அதை இரண்டாக மடித்து, கால் அங்குலம் விட்டு நீளவாக்கில் தைத்து, மடிப்பை வெட்டுங்கள். முறுக்கிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும், சிரமமான இடம் இதுதான். இப்படி ஐந்து முறை மடித்துத் தைத்தால் 32 வரிசை. தையலுக்குப் போக ஒவ்வொன்றும் 2 அங்குலம் நிற்கும். ஆக 64 அங்குல நீளம், சுமார் 50 அங்குல அகலம். எந்த நிறம் எதன் பக்கத்தில் வரும் என்று கவலையே வேண்டாம், அது தானாக அமையும்.

தையல்களை ஒரே பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். அப்புறம் நடுவில் பழைய பருத்திப் புடவை, அடியில் ஒரு பழைய பெட்ஷீட். மூன்றையும் சேர்த்து ஒரு சாண் இடைவெளியில் ஓட்டுத்தையல் போட்டு, ஓரத்துக்குப் பட்டி வைத்துத் தைத்துவிடுங்கள்.