கொடி, கோஷம், கட்சிச் சாயம்: அமெரிக்கா பற்றிய வாசகர் கேள்விகள்

கே: நம் நாட்டில் தேசியக் கொடியை எரித்தால் மூன்று ஆண்டு வரை சிறை. அமெரிக்காவில் நடுத்தெருவில் கொளுத்துகிறார்களே, போலீஸ் சும்மா விட்டுவிடுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

ப: விடும், விடாது, இரண்டும் உண்டு. 1984-ல் டல்லாஸில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது கிரிகரி லீ ஜான்சன் என்பவர் கொடியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். ஊர்வலத்தில் வந்தவர்கள் சுமார் நூறு பேர். வழக்கு அவர் ஒருவர் மேல்தான். ஓராண்டு சிறை, 2,000 டாலர் அபராதம். எரிந்து மிஞ்சியதைப் பொறுக்கி எடுத்துப் போய் ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் புதைத்தார் என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது.

1989-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தண்டனை செல்லாது என்றது. கொளுத்தியது ஒரு கருத்தைச் சொல்வதற்காக. கருத்துக்குத் தண்டனை கிடையாது என்பது வாதம். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுதான் சுவாரசியம். குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் நியமித்த நீதிபதிகள் ஸ்காலியாவும் கென்னடியும் ஜான்சனுக்குச் சாதகம். தாராளவாதி என்று பெயரெடுத்த ஸ்டீவன்ஸ், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், எதிர்ப்பக்கம். 'இடது', 'வலது' முத்திரையை நம்பி அன்று யாராவது பந்தயம் கட்டியிருந்தால் காசு போயிருக்கும்.

காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், உடனே தனிச் சட்டம் கொண்டுவந்தது. 1990-ல் அதுவும் 5-4-ல் அடிபட்டது. அரசமைப்பையே திருத்திவிடலாம் என்று பார்த்தார்கள். 2006-ல் மேலவையான செனட்டில் தேவைப்பட்ட ஓட்டு 67, விழுந்தது 66.

ஆக, எரித்ததற்கு வழக்கு இல்லை. எரித்த விதத்துக்கு வழக்கு வரலாம். அடுத்தவர் கம்பத்திலிருந்து உருவிய கொடி என்றால் திருட்டு. தீ மூட்டத் தடை உள்ள பூங்கா என்றால் அந்த விதிமீறல். 2025 ஆகஸ்ட் 25 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணையும், இப்படிப்பட்ட வேறு சட்டங்களை வைத்து வழக்குப் போடச் சொல்கிறதே தவிர, பழைய தீர்ப்பை ரத்து செய்யவில்லை. ஓர் அதிபரால் அது முடியவும் முடியாது.

கே: கொடியைத் தலைகீழாகக் கட்டுவது அவமதிப்பா?
– வாசகி, கோவை

ப: அவர்களுடைய கொடி நெறிமுறைப்படி, உயிருக்கோ உடைமைக்கோ பேராபத்து வந்தால் உதவி கேட்கும் அடையாளம் அது. 2024-ல் டிரம்பைக் குற்றவாளி என்று ஜூரிகள் சொன்னபோது அவருடைய ஆதரவாளர்கள் அப்படிக் கட்டினார்கள். 2025-ல் ஆட்குறைப்பை எதிர்த்து யோசெமிட்டி பூங்கா ஊழியர்கள் பாறையில் தொங்கவிட்டதும் தலைகீழ்க் கொடிதான். 1942-ல் சட்டமான அந்த நெறிமுறையில் தனியாருக்குத் தண்டனை எதுவும் இல்லை. கொடியை உடையாக அணியாதே, காகிதக் கைக்குட்டையில் அச்சடிக்காதே என்றும் அதில் இருக்கிறது. ஜூலை 4 சுதந்திர தினத்தன்று கடைத்தெருவைப் பார்த்தால் அதை எவ்வளவு பேர் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கிழிந்து நைந்த கொடியை மரியாதையாக அப்புறப்படுத்த அது சொல்லும் முதல் வழி என்ன தெரியுமா? எரிப்பது.

கே: வெள்ளை மாளிகை முன்னால் யார் வேண்டுமானாலும் கூடிக் கோஷம் போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: போடலாம், அளவு பார்த்து. 25 பேர் வரை, மேடை எதுவும் போடாமல் நின்றால் பொதுவாக அனுமதிச் சீட்டு வேண்டாம். அதற்கு மேல் என்றால் தேசியப் பூங்காத் துறைக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே விண்ணப்பம் போக வேண்டும். அவர்கள் 24 மணி நேரத்துக்குள் மறுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கு. நம் ஊர்க் காவல் நிலையத்தில் மனுவோடு காத்துக் கிடந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். வெள்ளை மாளிகை நடைபாதையில் 750 பேர், எதிரே லஃபாயெட் பூங்காவில் 3,000 பேர் என்பது உச்சவரம்பு.

நடைபாதையில் பதாகை அட்டையிலோ துணியிலோ இருக்கலாம். அகலம் 3 அடி, நீளம் 20 அடி, தடிமன் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கட்டை, கம்பு எதுவும் கூடாது. மாளிகைக்கு நேர் எதிரே உள்ள நடுப்பகுதியில் பதாகையோடு நிற்க முடியாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது எல்லையில். பூங்கா ஒரு துறை, தெரு நகரப் போலீஸ், நாடாளுமன்ற வளாகம் கேப்பிட்டல் போலீஸ். பூங்காவுக்கு மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டம் தெருவில் இறங்கினால், கையில் இருக்கும் சீட்டு அங்கே வெறும் காகிதம்.

கே: சிவப்பு என்றால் நமக்குக் கம்யூனிஸ்ட். அங்கே வலதுசாரிகள் எப்படிச் சிவப்பானார்கள்? கட்சியில் சேர அட்டை, சந்தா உண்டா?
– வாசகர், மதுரை

ப: தொலைக்காட்சி வரைபடம் செய்த வேலை. 1976-ல் என்பிசி தன் வரைபடத்தில் வலதுசாரியான குடியரசுக் கட்சிக்கு நீலமும் ஜனநாயகக் கட்சிக்குச் சிவப்பும்தான் கொடுத்தது. 2000 அதிபர் தேர்தலில் புஷ்–கோர் இழுபறி 36 நாள் நீடித்தது. அத்தனை நாளும் திரையில் இருந்த வரைபடங்களில் சாயம் இடம் மாறியிருந்தது, அதுவே ஒட்டிக்கொண்டது.

அட்டையும் கிடையாது, சந்தாவும் கிடையாது. சுமார் 30 மாநிலங்களில் வாக்காளர் பதிவுப் படிவத்தில் கட்சிக்கு ஒரு கட்டம் இருக்கும். டிக் அடித்தால் நீங்கள் அந்தக் கட்சி. டெக்சாஸ், ஜார்ஜியா, வர்ஜீனியாவில் அந்தக் கட்டமே இல்லை. ஃபுளோரிடாவில் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் அந்தக் கட்சிக்காரர்தான் ஓட்டுப் போட முடியும். கட்சி மாற வேண்டுமென்றால் 29 நாள் முன்பே மாறியாக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் ஒரு வேடிக்கை. 'எந்தக் கட்சியும் இல்லை' என்று நினைத்துக்கொண்டு பலர் 'அமெரிக்கன் இண்டிபெண்டென்ட்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடுகிறார்கள். அது நிஜமாகவே ஒரு கட்சி. 1968-ல் இனப்பிரிவினைவாதி ஜார்ஜ் வாலஸ் அதன் அதிபர் வேட்பாளர். சுயேச்சைக்கு உரிய கட்டத்தின் பெயர் 'நோ பார்ட்டி ப்ரிஃபரன்ஸ்'.

கே: மகன் எஃப்-1 விசாவில் டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறான். கல்லூரியில் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்குப் போகலாமா என்று கேட்கிறான்.
– வாசகி, சேலம்

ப: அமைதியாக நின்று பேச அவனுக்கும் உரிமை உண்டு. ஆனால் குடிமகனுக்கு ஒரு நாள் தொல்லையாக முடிவது, விசாக்காரனுக்குப் படிப்பையே கெடுக்கலாம். விசா படிவம் டிஎஸ்-160 'எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா' என்றே கேட்கிறது. வழக்கு தள்ளுபடியானாலும் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். 2025-ல் ஆர்ப்பாட்டங்களில் முன்னால் நின்ற வெளிநாட்டு மாணவர்கள் சிலரைக் குடியேற்றத் துறை காவலில் வைத்தது. அதே ஆண்டு ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்கைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும்.

போவதென்றால், போலீஸ் கலையச் சொன்ன கணமே கிளம்பிவிட வேண்டும். பெரும்பாலான கைது அதற்குப் பிறகுதான். சர்வதேச மாணவர் அலுவலகம், ஒரு குடியேற்ற வழக்கறிஞர் இருவர் எண்ணையும் காகிதத்தில் எழுதிப் பையில் வைக்கட்டும், கைதானால் போன் கையை விட்டுப் போய்விடும். வேட்பாளருக்கு நன்கொடை மட்டும் பத்து டாலர்கூடக் கூடாது. எஃப்-1-ல் இருப்பவர் கொடுத்தால் அது சட்டவிரோதம். கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம், ஆனால் அவருக்கும் ஓட்டு இல்லை.

கே: கட்சி பனியன் போட்டுக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனால்?
– வாசகர், ஓசூர்

ப: மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வாக்குச்சாவடிக்குள் அரசியல் உடை கூடாது என்ற மின்னசோட்டாவின் தடை 'அரசியல்' என்ற சொல்லுக்கு எல்லை வகுக்கவில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் 7-2-ல் அதைத் தள்ளியது. ஆனால் டெக்சாஸ் போன்ற இடங்களில் 100 அடிக்குள் வேட்பாளர் பெயர் தெரியக் கூடாது. பனியனை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது.